ஹைகோர்ட் வாசலில் நின்ற குதிரை

முனியப்பனுக்கு எழுபத்திரண்டு வயது. கோலார் தங்கவயலில், பூமிக்கு அடியில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். அந்த உழைப்பு அவருக்கு விட்டுச்சென்றவை நுரையீரலில் தூசியும் வலது முழங்காலில் தீராத வலியும். பெங்களூரின் பெருங்கட்டடங்களைப் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே கண்டிருந்தார். அவற்றை ஒருமுறையேனும் தந்தை சாய்ந்து அமர்ந்து, நிதானமாகக் காண வேண்டும் என்று மகள் சங்கமித்ரா விரும்பினாள். உயர்நீதிமன்றத்தில் வழக்காடுபவள் அவள். ஞாயிறு காலையில் ஒரு சாரட்டு வண்டியை அமர்த்தினாள்.

வண்டியோட்டி யூஜின், பெங்களூரின் மர்பி டவுன் பகுதிக்காரர். கறுப்புக் குதிரைக்குப் பெயர் ரோஸி.

ராஜ்பவன் வாயில் வந்தது.

"கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார் முனியப்பன். கம்பியைப் பற்றி இறங்கி, மதில் முடியும்வரை வண்டியோடு நடந்து, மூச்சிரைக்க மீண்டும் ஏறினார். தபால் நிலையத்தின் கல்தூண்கள் தெரிந்ததும் மறுபடி இறங்கினார்.

"அப்பா, அது போஸ்ட் ஆபீஸ்ப்பா! ஸ்டாம்ப் விக்கற எடம்!"

யூஜின் சிரித்தார். "சாரட்டு புடிச்சு நடந்து வர்றவரை இன்னிக்குத்தான் பாக்கறேன், பெரியவரே. நீங்க வேணா ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

சிவந்த உயர்நீதிமன்றத்தின் வாயிலில், எவரும் சொல்லாமலே ரோஸி நின்றது. முனியப்பன் காலைக் கீழே நீட்டினார். மகள் அவர் கையைப் பற்றினாள்.

"யாருப்பா உன்ன எறங்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. தங்கவயல்ல வெள்ளக்காரத் துரை பங்களா வந்தா நம்ம ஆளுங்க எறங்கித்தான் நடக்கணும்னு உத்தரவு. எங்கப்பா சைக்கிளவிட்டு எறங்குவாரு. அவரப் பாத்து நானும் எறங்குவேன். துரைங்க எப்பவோ கப்பலேறிட்டாங்க. கால் கேக்க மாட்டேங்குது."

ஆணையிட்டவன் மாண்டான், ஆணையும் மாண்டது. கால் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது! பூமியைக் குடைந்து பொன்னெடுத்த கால், தபால் தலை விற்கும் கட்டடத்துக்கு முன்பும் கூசி நின்றது!

"உள்ள எழுந்து நின்னு பேசறது என் வேல. இந்தக் கோர்ட்டு வாசல்ல உக்காந்து போறது உன் வேல. அதுக்குத்தாம்ப்பா இந்த வண்டி" என்றாள்.

அவர் தலையசைத்தார். ஆயினும் இறங்கி நடந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து வந்தது பழைய மத்தியச் சிறை. இன்று அது சுதந்திரப் பூங்கா. நெடிய மதிலைக் கண்டும் முனியப்பன் அசையவில்லை. இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இங்க எறங்கலையா?"

"ஜெயிலுக்கு எதுக்கும்மா எறங்கணும்? உள்ள கெடந்ததெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதானே!"

யூஜின் வாய்விட்டுச் சிரித்தார். சங்கமித்ராவால் சிரிக்க முடியவில்லை.

வண்டி வந்த வழியே திரும்பியது. உயர்நீதிமன்றம் வந்ததும் ரோஸி மீண்டும் தானாகவே நின்றது. காதை மட்டும் பின்னால் திருப்பி, கிழவர் இறங்கும் அசைவுக்காகக் காத்திருந்தது. பின்னால் ஒரு கார் ஒலியெழுப்பியது. யூஜின் கடிவாளத்தைச் சுண்டினார். குதிரை நகரவில்லை.

"பாருங்க பெரியவரே, ஒரே காலையில பழக்கிவிட்டுட்டீங்க."

பழக்கத்தில் பாதி எழுந்துவிட்ட முனியப்பன் அப்படியே நின்றார். அந்தக் கறுத்த முதுகையும் தாழ்ந்த தலையையும் நெடுநேரம் பார்த்தார். மகள் இம்முறை அவர் கையைப் பற்றவில்லை.

"நீயும் கத்துக்கிட்டியா?" என்று குதிரையிடம் கேட்டார். "வேணாண்டி கண்ணு. இது என்னோட போவட்டும்."

வலிக்கும் காலை மடக்கி இருக்கையில் அமர்ந்தார். இரு கைகளாலும் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"போ" என்றார்.

ரோஸி தயங்கியது. இன்னும் சற்றுக் காத்திருந்தது. அவர் இறங்கப்போவதில்லை என்பது உறுதியான பிறகே முன்னங்காலை எடுத்துவைத்தது.