தோள் கொடுத்தவள்

சீப்போடு உயர்ந்த வலது கை காதருகிலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தூக்கப் பார்த்தாள். தோளில் சுரீரென்று பிடித்த வலி முழங்கை வரை இறங்கியது. சுளுக்குதான் என்று தைலம் தேய்த்தே இத்தனை நாள் ஓட்டியிருந்தாள். அன்றைக்குத்தான் வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "எங்கயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க."

"தசையை எலும்போட சேர்த்துப் பிடிக்கிற தசைநாண் பாதி கிழிஞ்சிருக்கு. ஒரே நாள்ல ஆனதில்ல. எலும்புல உரசி உரசி, துணி நைஞ்சு போற மாதிரி போயிருக்கு. தினமும் கையை நீட்டி என்னத்தம்மா தூக்குறீங்க?"

"எங்க வீட்டுக்காரரை."

லாரி ஓட்டிய உடம்பு அவருக்கு. பக்கவாதம் வலப்பக்கத்தை வாங்கிக்கொண்டு வருஷங்களாகிவிட்டன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, எல்லாவற்றுக்கும் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறவள் அவள்தான். இனியும் தூக்கினால் மீதியும் அறுந்துவிடும், அப்புறம் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தாள். அதை அவள் சமையலறையில் நின்று மகளிடம் போனில் கிசுகிசுத்தாள். அவரிடம், "சும்மா வாயுப்பிடிப்புதான்" என்று முடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் அவளைக் கூப்பிடுவதே குறைந்துபோனது. நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படி நிம்மதிப்படுவது அவளுக்கே உறுத்தியது. ஒரு மத்தியானம் முகம் துடைத்துவிடும்போது பார்த்தாள், அவர் உதடு வெடித்துக் கிடந்தது. காலையில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

"என்னங்க, தண்ணியே குடிக்கலையா?"

"தாகமில்ல."

"பொய் சொல்லாதீங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குழறும் நாக்கில் வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்த்தார். "குடிச்சா... போகணும். போகணும்னா நீ தூக்கணும். எனக்குக் கால்தான் வரல... காது நல்லா கேக்குது."

அவளுக்குப் பொங்கி வந்தது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

"கிட்னியும் போச்சுன்னா நான் எங்க போய் நிக்கறது?" என்று கத்திவிட்டு, டம்ளரை இடது கையால் அவர் வாயில் வைத்தாள். மடக்மடக்கென்று குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் போர்வையை விலக்கினார். அவள் குனிந்தாள்.

"தள்ளிப் போ."

நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து எம்பினார். இடுப்பு ஒரு சாண் உயர்ந்து அங்கேயே நடுங்கியது. நெற்றி நரம்பு புடைத்தது. அவள் கைகள் தாமாகவே நீண்டன. தோளில் வலி வெட்டியது. பிடிக்கவும் துணிவில்லாமல், விலகவும் மனசில்லாமல், அந்தக் கைகள் அவர் முதுகைத் தொட்டும் தொடாமலும் அந்தரத்தில் நின்றன.