கொட்டாஞ்சேனையில் புவியீர்ப்பு

இதனால் சகலருக்கும் அறியத் தருவது என்னவென்றால், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு ஜனவரி மாதம் முதற்கொண்டு, கொட்டாஞ்சேனை எல்லைக்குள் மேலிருந்து கீழே விழுகின்ற சகல பொருட்களும், அவை தேங்காயானாலும் சரி, பெரிய மனிதர்களானாலும் சரி, செக்கனுக்குச் செக்கன் தொளாயிரத்து எண்பத்தொரு சென்ரிமீற்றர் வீதம் வேகம் கூடி விழக் கடமைப்பட்டிருக்கின்றன. இதற்குக் கூடவோ குறையவோ விழுகின்ற எந்தப் பொருளும் பரீட்சைக்கு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. ஒப்பம்: நமசிவாயம், பி.எஸ்சி., அதிபர், நமசிவாயம் விஞ்ஞான நிலையம்.

இந்தப் பிரகடனம் அரசாங்க வர்த்தமானியில் வெளிவரவில்லை. கொழும்புத் துறைமுகத்தை அண்டிய ஒரு சவர்க்காரக் களஞ்சியத்தின் மாடியறையில் சனிக்கிழமை தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு வாய்மொழியாக வெளிவந்தது. அந்த மாடியறைதான் விஞ்ஞான நிலையம். அங்கே இரண்டு தராசுகளும் ஒன்றரை மீற்றர் கோலும் நூலிலே குண்டு தொங்கும் ஊசல்களும் ஒரேயொரு ஸ்டொப் வாட்ச்சும் இருந்தன. வாட்ச்சை நமசிவாயம் மாஸ்டர் கறுப்பு நாடாவிற் கோத்துக் கழுத்திலே போட்டிருப்பார். பதக்கம் வாங்கியவர் போல அதைத் தடவிக்கொண்டுதான் எதையும் பேசுவார்.

கடைசி வாங்கில் இரத்தினசிங்கம் இருந்தார். முப்பத்தொரு வயது. தெமட்டகொடையில் ஒரு ரயில்வேக் கந்தோரில் பதினொரு வருடமாகக் கிளாக்கர். ரயிலில் மூட்டையைத் தொலைத்தவர்கள் எழுதுகிற கடிதங்களுக்கு, தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று பதில் எழுதுவது அவருடைய வேலை. மூட்டைகள் கிடைப்பதில்லை, கவனம் மட்டும் பதினொரு வருடமாக எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளவத்தையில் நாலு கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் உண்டு. அந்த ஜன்னலடியில் இருந்துதான் அவர் தபால் மூலம் படித்தார்.

அதிலிருந்து தப்ப அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து மனேஜர், போன கிறிஸ்மஸ் விடுமுறையில் அவருடைய தோளிலே கையைப் போட்டு, "பாஸ் பண்ணிக்கொண்டு வாரும். சயன்ஸ் மாஸ்டர் இடம் உமக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். எழுத்துப் பரீட்சைகளை இரத்தினசிங்கம் எப்போதோ தாண்டிவிட்டார். பௌதிகச் செய்முறை ஒன்றுதான் மிச்சம். அதைச் சீமைப் பரீட்சைச் சபை மூன்று தடவைக்கு மேல் எழுத விடாது. இரண்டு தடவை முடிந்துவிட்டது.

முதலாம் தடவை, திட்டமில்லாமற் போய், ஊசற்குண்டை அகல வீசிவிட்டு, அது பக்கத்து மேசைக்காரரின் கண்ணாடிக் குடுவையைத் தொட்டுத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை அளவுகள் எல்லாம் திறமாக எடுத்தார். கடைசியில், உமது விடையில் எவ்வளவு வழு இருக்கலாம் என்று வினாத்தாள் கேட்டது. "வழு எதுவும் இல்லை" என்று எழுதிக் கீழே கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தார்.

அவரைக் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. கந்தோரில், இந்தத் தொகை இரண்டு கூடலாம் அல்லது இரண்டு குறையலாம் என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறவன், அடுத்த நாட் காலையில் தன்னை ஏன் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்பதற்குக் காரணம் எழுதிக்கொண்டிருப்பான். உலகத்தில் வழு விடுவதைப் பெருமையாக ஒப்புக்கொள்ளச் சொல்லுகிற ஒரே இடம் பௌதிக ஆய்வுகூடம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இம்முறை சொல்லப்பட்டது. சொன்னவன் அதே வாங்கில் இருந்த பௌஸி. புடைவைக் கடைக்காரர் மீரா சாஹிபுவின் மகன், இருபத்திரண்டு வயது, பரீட்சை அவனுக்கு வாப்பாவின் கடையிலிருந்து சனிக்கிழமைகளில் தப்புவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். அளவு கோலைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்:

"அண்ணே, எங்கட கடையில பத்து யார் துணி அளந்தா ஒரு விரக்கடை அங்கால இங்கால போகும். வாப்பாக்கும் தெரியும், வாங்கிறவருக்கும் தெரியும். ஒருத்தரும் கோபிக்கிறல்ல. ஒரு விரக்கடைக்கு மேல போனாத்தான் சண்டை. அந்த விரக்கடைதான் இந்தக் கூட்டல் கழித்தல்."

"அதை எழுதிக் கையெழுத்து வைக்கவும் வேணுமோ?"

"வைங்களேன். ஆரு உங்களைப் பொலிஸில குடுக்கப் போற?"

இரத்தினசிங்கம் அதற்குப் பிறகு பழகிக்கொண்டார். கண் இமைக்கிற நேரத்தில் விரல் எவ்வளவு பிந்தும், கோலை வாசிக்கையில் அரை மில்லிமீற்றர் எப்படிப் பிசகும் என்று ஒவ்வொன்றாக எண்ணி, தம்முடைய விடையில் இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்று கண்டார். முதன்முதல் அதை எழுதியபோது கை கூசியது. நாலாவது சனிக்கிழமையில் அந்தக் கூச்சமும் போய், சிறிது சந்தோஷம் கூட வந்தது.

சங்கடம் வேறிடத்தில் முளைத்தது. ஊசலை ஆட்டி, நேரம் பார்த்து, கணக்குப் போட்டால் பிரகடனத்து எண்பத்தொன்று அவருக்கு வரவில்லை. தொளாயிரத்தை அந்த அறையில் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் பொதுவான சொத்து என்று விட்டுவிட்டார்கள்.

"ஐசே இரத்தினசிங்கம், எத்தினை?" என்றார் மாஸ்டர், வாட்ச்சைத் தடவிக்கொண்டு.

"எழுபத்தெட்டு, சேர்."

"எழுபத்தெட்டோ. நியூட்டனுக்கு ஒண்டு வருகுது, உமக்கு வேறயொண்டு வருகுது. நான் ஆரை நம்புறது?"

"ஒவ்வொரு சனியும் அதுதான் சேர் வருகுது."

"ஒரே பிழையை ஒவ்வொரு சனியும் விடுறீர். ஒழுங்கான ஆள்தான்."

வாங்குகள் சிரித்தன. இரத்தினசிங்கம் எழுந்து நின்றபடியே, கந்தோரில் மேலதிகாரிக்கு முன்னால் நிற்பதுபோலக் கைகளை முன்னால் மடித்துக்கொண்டு, "வழு ரெண்டு எண்டு வைச்சாலும் எண்பதுக்கு மேல போகுதில்லை சேர். எண்பத்தொண்டு வெளியில நிக்குது" என்றார்.

"வெளியில நிக்கிறது நீர். எண்பத்தொண்டு புத்தகத்துக்குள்ள இருக்குது." மாஸ்டர் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கம் தானாகவே விரிந்துகொள்ள, விரலால் தட்டிக் காட்டினார். "வழு எண்டிறது உம்மடை. எண்பத்தொண்டு அரசாங்கத்தின்ரை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்."

பிறகு பரிகாரங்கள் தொடங்கின. நூல் ஈரம் என்றார், மாற்றினார்கள். துறைமுகத்துக் காற்று என்றார், ஜன்னலைச் சாத்தினார்கள், கீழேயிருந்து சவர்க்கார வாசனை ஏறி நின்றது. இரத்தினசிங்கத்தின் மூச்சு குண்டிலே படுகிறது என்றார். அவர் வாயைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு நூறு ஆட்டங்களை மனத்துக்குள்ளே எண்ணினார். எழுபத்தெட்டு வந்தது.

"உமக்கும் அதுதானே வருகுது?" என்று கிராண்ட்பாஸ் ட்ராமுக்குக் காத்து நிற்கையில் இரத்தினசிங்கம் பௌஸியைக் கேட்டார்.

"எனக்கு ஒவ்வொரு நாளும் எழுபத்தெட்டுத்தான்."

"மாஸ்டரிட்டை எண்பத்தொண்டு எண்டல்லோ காட்டினீர்?"

"அவருக்கு எண்பத்தொண்டு வேணும். குடுத்திட்டேன். கேட்ட நிறத்தில சாரி இல்லாட்டி, இருக்கிற சாரியை அந்த நிறம் எண்டு சொல்லி விக்கிற, அண்ணே."

ஜூன் மாதத்தில் பரீட்சை வந்தது. மண்டபத்தில் நாற்பது மேசைகள், நாற்பது ஊசல்கள். ஈர்ப்பு ஆர்முடுகலை, அதாவது விழும் பொருளுக்கு வேகம் கூடும் வீதத்தை, காண ஒரு பரிசோதனையைத் திட்டமிட்டுச் செய்க, வழுவை மதிப்பிடுக, பெற்ற விடையைப் பற்றிக் கருத்துக் கூறுக என்றிருந்தது வினா. நேரம் மூன்று மணித்தியாலம்.

இரத்தினசிங்கம் ஊசலைத் தொடுவதற்கு முன் கால் மணித்தியாலம் திட்டம் எழுதினார். ஐந்து நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் மும்முறை, ஒவ்வொரு முறையும் நூறு ஆட்டம். நீளத்தைக் குண்டின் நடுவரைக்கும் அளப்பது. வீச்சு நாலு விரலுக்கு மேற்படாமல் விடுவது. குண்டு நடுவைக் கடக்கும் தருணத்தில் வாட்ச்சை அமுக்குவது. பதினொரு வருடத்தில் அவர் இவ்வளவு தெளிவாக ஒன்றும் எழுதியதில்லை. எழுதியபடியே செய்தார். எண்ணுகையில் உதடு அசையவில்லை. பதினைந்து அளவுகளும் பதினைந்து பிள்ளைகள் போல வரிசையாக வந்து நின்றன. வரைபடத்தில் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமர்ந்தன. மிகச் சரிந்த கோடு ஒன்று, சரிவு குறைந்த கோடு ஒன்று, இரண்டையும் கீறி வித்தியாசம் பார்த்தார். 978, கூட்டல் கழித்தல் 2. கையெழுத்துப் போட்டது போல அதன் கீழே ஒரு கோடிட்டார்.

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அப்போதுதான் பரீட்சகர் வந்தார். உயரமான வெள்ளைக்காரத் துரை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்து வந்தவர் இவரிடம் நின்று, திட்டத்தைப் படித்து, வரைபடத்தைப் படித்து, விடையைப் பார்த்தார். பிறகு அமைதியான ஆங்கிலத்தில் கேட்டார்:

"உமக்கு இது திருப்தியா?"

வேறு எவனாயிருந்தாலும் இதை ஒரு கேள்வி என்று நினைத்திருப்பான். கந்தோரில் ஒரு துரை ஒரு தாளைத் தொட்டு உமக்கு இது திருப்தியா என்று கேட்டால், அதற்குப் பதில் இல்லை, திருத்தம்தான் உண்டு. இரத்தினசிங்கம் எழுந்து நின்றார். எழுபத்தெட்டு சரி என்று அவருக்குத் தெரியும். பதினைந்து தடவை தெரியும். ஆனாலும் பதினொரு வருட நாக்கு அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"இல்லை, சேர். திருத்தித் தருகிறேன்."

துரை புருவத்தை உயர்த்தினார். அடுத்த மேசைக்குப் போனார்.

இரத்தினசிங்கம் உட்கார்ந்தார். எண்பத்தொன்று வரவேண்டுமென்றால் நூறு ஆட்டத்துக்குச் செக்கனில் மூன்றிலொரு பங்கு குறைந்தாற் போதும். அவ்வளவு அற்பம். மூன்று நிமிடம் 20.8 செக்கன் என்றிருந்ததை 20.6 ஆக்கினார். 21.0 என்றிருந்ததையும் 20.6 ஆக்கினார். அழிறப்பர் பக்கத்திலே கிடந்தது. அதை அவர் தொடவில்லை. அரசாங்கப் பத்திரத்தில் எதையும் அழிக்கலாகாது. பிழையான எண்ணை ஒற்றைக் கோட்டால் வெட்டி, சரியானதை மேலே எழுதி, ஓரத்தில் முதலெழுத்தும் திகதியும் இட வேண்டும் என்பது விதி. பதினைந்து எண்களையும் அப்படியே வெட்டினார். பதினைந்து இடத்தில் முதலெழுத்தும் திகதியும் இட்டார். விடையை 981 ஆக்கி, கூட்டல் கழித்தலையும் வெட்டி, அவற்றுக்கும் முதலெழுத்து இட்டார். எழுத்து அச்சடித்தது போலிருந்தது. கருத்துக் கூறுக என்ற இடத்தில், விடை புத்தகத்துடன் ஒத்துப்போகிறது என்று எழுதினார். தம்முடைய கை செய்வதை அவர் பக்கத்து மேசைக்காரனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

வெளியே மர நிழலில் பௌஸி ஒரு சோடாவைக் குடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, எத்தினை?"

"எண்பத்தொண்டு."

"மாஷா அல்லாஹ். எனக்கு வெட்டிக் குத்த நேரம் கிடைக்கல்ல. வந்ததை அப்பிடியே எழுதிட்டேன், எழுபத்தெட்டும் ரெண்டும்."

"துரை உம்மட்டையும் வந்தவரோ?"

"வந்தார். திருப்தியா எண்டு கேட்டார். ஓம் சேர், நூல் மட்டும் கொஞ்சம் நீளுது எண்டன். சிரிச்சார். கொழும்பில எழுபத்தெட்டுத்தானாம். பூமி இந்தப் பக்கம் கொஞ்சம் புடைச்சி ஈக்குதாம். எண்பத்தொண்டு லண்டன் ஆக்களுக்காம்." சோடாப் போத்தலை நீட்டினான். "இந்தாங்க, குடிங்க. முகம் ஏன் இப்பிடி?"

இரத்தினசிங்கம் போத்தலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். மண்டபத்தினுள்ளே தாள்களைக் கட்டி அரக்குப் பொறித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று ஒரு கால் முன்னால் வைத்தார். எதைக் கேட்பது, எந்தப் படிவத்தில் கேட்பது என்று தெரியவில்லை. காலை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பரில் முடிவு வந்தது. பௌஸி சித்தி. இரத்தினசிங்கம் சித்தியில்லை. நமசிவாயம் மாஸ்டர் பத்திரிகையில் பௌஸியின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, எமது நிலையத்தின் துல்லியமான பயிற்சிக்குச் சான்று என்று விளம்பரம் செய்தார். அடுத்த சனிக்கிழமையும் கொட்டாஞ்சேனையில் எண்பத்தொன்றே அமுலில் இருந்தது.

மனேஜரிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று இரத்தினசிங்கம் இரண்டு வாரம் யோசித்தார். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி, மூன்று தடவை திருத்தி, மனப்பாடம் செய்தார். தங்களுடைய நம்பிக்கைக்குப் பாத்திரமாக முடியாமற் போனதற்கு மிகவும் வருந்துகிறேன். இடத்தை இவ்வளவு காலம் எனக்காக வெறுமையாக வைத்திருந்ததால் பிள்ளைகளுக்கு நேர்ந்த நட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து ஹெவ்லொக் டவுனுக்கு வெயிலில் நடந்தார். மனேஜர் அவரை வாங்கில் இருத்தி, தேநீர் வரவழைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "நீர் எந்த இடத்தைச் சொல்லுறீர்?" என்றார்.

சயன்ஸ் மாஸ்டர் இடம் பெப்ரவரி மாதமே மனேஜருடைய மைத்துனரின் மகனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மகன் படித்தது சரித்திரம்.