கீழ்த்தட்டு

"கீழ அண்ணி, கீழ!"

மிலேவா நாத்தனார் உரிமையோடு தெசாங்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் தெசாங்கா பழக்கதோஷத்தில் நட்ட மெழுகுவத்தி மேல்தட்டு மணலில் நின்று எரியத் தொடங்கியிருந்தது. மேல்தட்டு உயிரோடிருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு போனவர்களுக்கு. தெசாங்காவின் புருஷன் ராதிசாவ் தேவாலயத்தின் நடுவில் சவப்பெட்டிக்குள் கிடந்தான்.

"எனக்குத் தெரியும். கையை விடு."

அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் அவள் பெயருக்கு மேல்தட்டில் மெழுகுவத்தி ஏற்றியவன் அவன். அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டு வருஷமாகியும் அவள் எப்போது கீழே இறங்குவாள் என்றே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் போய்ச் சேர்ந்தது அவன். பிளம் பழம் பறிக்கப் போனவனுக்கு மாரடைப்பு.

குழியை மூடியதும் பக்கத்து வீட்டு ஸ்லாவ்கா அவளைக் கட்டிக்கொண்டாள். "உன்னை நெனச்சுல்ல நாங்க பயந்துக்கிட்டிருந்தோம்! யாரு கண்டா?"

"ஏமாத்திட்டேனா?" என்றாள் தெசாங்கா.

ஸ்லாவ்கா அவசரமாக விலகி, போனவனுக்கென்று ஊர் வழக்கப்படி புதுமண்ணில் கொஞ்சம் பிராந்தி ஊற்றினாள். மிலேவா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம் அண்ணி. நாப்பது நாள் துக்கம் கழியட்டும். அந்தப் பொல்லாத நோவுப் பேச்சே இப்ப வேணாம்." சொல்லிவிட்டு மூன்று தரம் பக்கவாட்டில் துப்பினாள்.

இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான், முதுகில் வலி தொடங்கியதிலிருந்து தெசாங்கா ஏங்கிக்கொண்டிருந்தாள். திரும்ப வந்துவிட்டதோ என்ற பயம். தோட்டம், மழை, விருந்தாளி என்று அவள் சாக்குச் சொல்லச் சொல்ல, திட்டித் திட்டியே ஆஸ்பத்திரியில் இந்த வியாழக்கிழமைக்கு நாள் வாங்கி வைத்தவன் ராதிசாவ். இப்போது நல்ல சாக்காக அவனே கிடக்கிறான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"புற்றுநோய்னு சொல்லு மிலேவா. சொன்னா ஒட்டிக்காது. நான் போகத்தான் போறேன். உங்கண்ணன் செத்துட்டான்னு நானும் சாகணுமா?"

பிறகு மண்ணைப் பார்த்துக் கத்தினாள். "கூட வர்றேன்னு சொன்னியேடா, புளுகா! வெளிய வர்ற வரைக்கும் எப்பவும் போல என் கோட்டை வச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்திருப்பேன்னு சொன்னியே! பயந்தாங்கொள்ளி, முன்னாடி ஓடிட்டியே!"

பாதிரியார் மலர்வளையங்களைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை துணைக்கு வருகிறேன் என்ற மிலேவாவை வேண்டாம் என்றுவிட்டுத் தனியாகவே போனாள். தாழ்வாரத்தில் நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தாள். கறுப்புக் கோட்டைக் கழற்றி, பார்க்காமலே இடப்பக்கம் நீட்டி, கையை விட்டாள்.

கோட்டு தரையில் விழுந்தது.