மேஜைக்கு அடியில் துணைவேந்தர்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் குழுவில் அவருக்குத் துணைவேந்தர் என்று பெயர். உண்மையில் சோபாவுக்கு உறை தைப்பவர். தன் பிள்ளைகள் மூவரையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடாமல் ஆளாக்கியவர் என்பதால், குழுவுக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் அவர்தான் போய்ப் பார்ப்பார். கல்வி என்றால் என்ன என்று ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் மூன்றாவது கொட்டாவியை விழுங்கும்வரை நிறுத்தமாட்டார்.

இதுவரை அவர் வழிகாட்டிய மூன்று குடும்பங்களும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டன. ஒரு குடும்பம் விடுதியிலேயே சேர்த்துவிட்டது.

நாலாவதாக ஒருத்தி வந்திருந்தாள். மருந்துக்கடையில் மாலை வேலை. பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி என்று அழுத ஏழு வயது மகளை நிறுத்திச் சில வாரங்கள்தான் ஆகின்றன. அதற்குள் தாக்குப்பிடிக்க முடியாமல், திங்கட்கிழமை மகளைப் பழைய பள்ளியிலேயே கொண்டுபோய் விட்டுவிடப் போவதாகக் குழுவில் செய்தி போட்டுவிட்டாள்.

துணைவேந்தர் கால அட்டவணையும் வரைபடங்களும் பிதுங்கும் பையோடு கிளம்பினார். மனைவி வாசலிலேயே பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணையாவது விட்டுவைங்க. என்ன வேணும்னு கேளுங்க, அதைச் செய்ங்க. அதுக்குமேல வாயைத் திறக்காதீங்க."

பேச்சு முட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வதாம் என்று கேட்டார். தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

போய்ப் பார்த்தால் அந்த வீட்டு முன்னறையில் ஒரு பள்ளிக்கூடமே நடந்துகொண்டிருந்தது. சுவரில் கரும்பலகை, ஜன்னலோரம் பித்தளை மணி, காலையில் வருகைப்பதிவு. இருந்த ஒரே மாணவி பழைய சீருடையில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்தாள். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட, "ஆப்சென்ட் மிஸ்" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பேச்சு அடங்கவில்லை. இன்னொரு சொம்பு கேட்டார். அப்புறம்தான் ஒருவழியாக, "உங்களுக்கு இப்ப என்னம்மா வேணும்?" என்று கேட்க முடிந்தது.

அவள் தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்கண்ணா. யாரும் அம்மான்னு கூப்பிடாம கொஞ்ச நேரம் படுக்கணும்."

போய்ப் படுக்கச் சொன்னார்.

கதவு சாத்தியதும் மேஜைக்கு அடியில் நுழைந்தார். தலை ஒரு தடவை இடித்தது. முழங்கால் இரண்டு தடவை. எந்தக் கிளாஸ் என்று சிறுமி மிஸ் மாதிரி அதட்டலாகக் கேட்டாள். வகுப்பு என்பதே மனிதன் தன் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட ஒரு... என்று அவர் ஆரம்பிக்க, கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும் என்றாள். தூக்கினார். மிஸ் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கை மரத்துப்போயிற்று. அதைவிடப் பெரிய சங்கடம், குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

"மிஸ், பாத்ரூம் போகணும்."

"மிஸ் பாக்கலை."

"நிஜமாவே அவசரம், மிஸ்."

"மிஸ் பாக்கவே மாட்டாங்க. வயிறு எவ்வளவு வலிச்சாலும் தூக்கிட்டே இருக்கணும்." சொல்லிவிட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே இளகிவிட்டாள். "பாவம். போயிட்டு வாங்க."

அவர் தவழ்ந்து வெளியே வந்தபோது அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். துணைவேந்தர் நாலு காலில் வரும் கோலத்துக்குச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் சிரிப்பு நின்றுபோன முகம். அவர் நின்று விளக்கம் சொல்லும் நிலையில் இல்லை.

திரும்பி வந்தபோது அவள் மேஜையோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் மடியில் தலைவைத்திருந்தாள்.

"எத்தனை தடவை கேட்டிருப்பேன். வயிறு வலின்னு மட்டும்தான் சொல்வா. பாத்ரூம் விடலைன்னு சொன்னதே இல்லை" என்றாள். "திங்கட்கிழமை அனுப்பலைண்ணா. ஆனா வீட்டுல எப்படிச் சொல்லித்தரணும்னே எனக்குத் தெரியலை. நீங்கதான் சொல்லணும்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தர் தாமாகவே கேட்கிறார். வாய் தானாகத் திறந்துகொண்டது. மடியில் தூங்க ஆரம்பித்திருந்த மகளையும், கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்த அம்மாவையும் பார்த்தார்.

"வியாழக்கிழமை தையல் வேலையை இங்கேயே எடுத்துட்டு வந்துடறேன். நீங்க படுத்துக்குங்க."

"பத்து மணிக்குமேல வாங்கண்ணா" என்றாள். "அதுக்கு முன்னாடி நாங்க எழுந்திருக்க மாட்டோம்."