ஆளுக்கொரு கதிரை

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கதிரை. நாலு காலும் ஒரு முதுகும் உள்ள, கடை வாசலில் அடுக்கி வைத்து விற்கிற பிளாஸ்டிக் கதிரை. பதவிக் கதிரை இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் குவைத்தில் இந்த ஃபஹாஹீல் முழுக்க என்னைப் பற்றி வேறு கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹோட்டல் துணி வெளுக்கிற லாண்டரியில் எனக்கு வேலை. மடிக்கிற பகுதியில் ஒன்பது பெண்கள். முன்பெல்லாம் படுக்கை விரிப்பைக் கையால் தேய்த்து, துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, ஊர்வம்பு பேசிக்கொண்டே மடிப்போம். போன தை மாதம் ரோலர் மெஷின் வந்தது. ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் சுடச்சுடத் தள்ளும். அது தள்ளிக்கொண்டே இருக்கும், நாங்கள் நின்றுகொண்டே வாங்க வேண்டும். மெஷினுக்கு மூட்டுவலி இல்லை, மூத்திரமும் வராது. எனக்கு இரண்டும் உண்டு.

மூன்றே மாதத்தில் என் கால் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துவிட்டது. உட்கார்ந்து வேலை செய் என்று டொக்டர் சொன்னார். அதைப் போய் சூப்பர்வைசர் ரவிசங்கரிடம் சொன்னேன். திருப்பூர்க்காரர்.

"நிக்க முடியலைன்னா ஊருக்குப் போயிருங்க சுகந்தாக்கா. அடுத்த மாசம் உங்க விசா ரினியூ வருது. நான் என்னன்னு எழுதட்டும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகள் மேனுஜா யாழ்ப்பாணம் கம்பஸில் இரண்டாம் வருடம். நான் பெட்டியைக் கட்டினால் அவளும் புத்தகத்தைக் கட்ட வேண்டியதுதான்.

எங்கள் வான் டிரைவர் துஷாந்தன் ஊரில் வரலாறு படிப்பித்தவர். நேரம் என்ன என்று கேட்டாலும் பிரெஞ்சுப் புரட்சியில்தான் தொடங்குவார். வேறு வழியில்லாமல் அவரிடம் போனேன்.

"நீராவி இயந்திரம் வந்த காலத்திலயும் உதே கதைதான் சுகந்தா. மெஷினுக்கு எண்ணெய் விட்டவங்கள், மனுசருக்குத் தண்ணி குடுக்கேல்லை. மனுசர் எல்லாரும் பிறக்கேக்கயே சமன் எண்டு அறிவொளிக் காலத்து ஆக்கள்..."

"அண்ணை, எனக்குச் சமன் வேண்டாம். கதிரை வேணும்."

"கதிரைதான் சமன்! அரசன் இருக்கிறான், சனம் நிக்குது. ஏன் எண்டு கேட்டவை, பாஸ்டீல் சிறையை உடைச்சவை..."

"சிறையை உடைச்சா எனக்கு அதுக்குள்ளதான் இடம் கிடைக்கும். ஒரு மனு எழுதித் தாங்கோ. இங்கிலீசிலை எழுதுங்கோ."

"உரிமையைத் தாய்மொழியிலதான் கேக்கோணும்!"

இரண்டு பக்கம் எழுதினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் வந்தன. நான் மற்றப் பெண்களுக்கு வாசிக்க வாசிக்கக் கீழக்கரை அஸ்மத் பீவி முகத்தைச் சுளித்தாள்.

"சகோதரத்துவமா? நம்ம ஒம்போது பேருமே பொம்புளைங்கதானே புள்ள?"

ஆனால் கடைசி வரி இருக்கிறதே, அதைக் கேட்டு அவளே வாயைப் பிளந்தாள். 'இயந்திரத்துக்கு இருபது குதிரைவலு கொடுத்த நிர்வாகமே, எங்களுக்கு ஆளுக்கொரு கதிரை கொடு!' ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம்.

முதீரிடம், அதுதான் எங்கள் மனேஜரிடம், யாரும் நேரே பேசக்கூடாது. எல்லாம் ரவிசங்கர் வழியாகத்தான் போக வேண்டும். மனுவை வாங்கிய அந்த மனிதர் கடைசி வரியில் நின்றார். ஒரு தரம் என்னைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் எழுத்தைத் திருத்தினார். "புரட்சி பண்றதுக்கு முன்னாடி தமிழ் படிங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். திமிரைப் பாருங்கள்!

அரை மணித்தியாலத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். முதீரின் அறையில் ஒரு மேசை, அதன் பின்னால் அவருடைய கறுப்புத் தோல் கதிரை. அதைத் தவிர உட்கார அங்கே ஒன்றும் கிடையாது. வருகிறவன் நிற்க வேண்டும் என்பது சட்டம். மெஷினை ஓட்ட நாலு பேரை விட்டுவிட்டு மற்றவர்கள் வரிசையாக நின்றோம். மனு எழுதிய புரட்சியாளரோ சால்மியாவுக்குத் துணி கொண்டு போயிருந்தார்.

முதீர் எழுந்து, காகிதத்தை ஆட்டியபடி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அரபியில் கத்தினார். ரவிசங்கர் தமிழாக்கினார்.

"அவரைக் கேலி பண்றீங்கன்னு கோவமா இருக்காரு. யாரு லீடர்னு கேக்கறாரு. லீடருக்கு விசா கேன்சல்."

என்னோடு நின்ற நாலு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சகோதரத்துவம்!

"என்ன கேலி? கேட்டதைத் தாறதெண்டா தாங்கோ, இல்லையெண்டா விடுங்கோ."

"ஆளுக்கொரு குதிரை கேட்டா கேலி இல்லாம என்னக்கா? எங்க கட்டுவீங்க? ரூம்லயா?"

"குதிரையோ? விசரே உங்களுக்கு? ஆர் குதிரை கேட்டது?"

"மெஷினுக்கு இருபது குதிரை, எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு நீங்கதானே எழுதுனீங்க! 'கு' போடறதுக்கு 'க' போட்டிருந்தீங்க. நான்தான் திருத்துனேன்."

"அடப்பாவி! அது கதிரை!"

"கதிரைன்னா?"

"இருக்கிறது!"

"என்ன இருக்குது?"

"ஐயோ, இருக்கிறதுக்கு!"

"அதான், என்ன இருக்குதுன்னு கேக்கறேன்!"

உட்காருவதை நாங்கள் 'இருக்கிறது' என்போம் என்பது இவருக்கு எங்கே விளங்கும்? இவரோடு மாரடிக்க எனக்குப் பொறுமையில்லை. விசா போகிறதென்றால் போகட்டும், இந்த மடையனுக்குத் தமிழ் படிப்பித்துவிட்டே போகிறேன் என்று மேசையைச் சுற்றிப் போய், முதீரின் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"இதுதான் கதிரை!"

"குர்சி!" என்று அஸ்மத் பீவி வீரிட்டாள். "குர்சி கேக்குறோம் முதீர், குர்சி!"

அரபியிலும் அது குர்சிதான், இந்தியிலும் குர்சிதான். முதீருக்கு அந்த நொடியே விளங்கியது. ரவிசங்கரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"எந்திரிங்கக்கா" என்றார் மெதுவாக.

எழும்ப ஏலவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கால்கள் சொன்னதைக் கேட்கவில்லை. அந்த மெத்தையில் மூன்று மாத வலியும் ஒரேயடியாக இறங்கியது. அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது மேசையில் ஃபோன் அடித்தது. ஏதோ ஹோட்டல்காரன் முறைப்பாடு. முதீர் நின்றபடியே எடுத்தார். அவன் விடவில்லை. முதீர் வலது காலில் நின்றார், பிறகு இடது காலுக்கு மாறினார். உட்கார இடம் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மேசை விளிம்பில் கையை ஊன்றினார். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என் காலில் புடைத்திருந்த நரம்பையே பார்த்துக்கொண்டு பேசினார். பன்னிரண்டு நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் நான் பார்த்தேன்.

ஃபோனை வைத்தார். "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

"லீடர் விசா, சார்?" என்று ரவிசங்கர் ஆசையாகக் கேட்டார்.

"ரினியூ."

பிறகு அரபியில் ஏதோ சொன்னார். ரவிசங்கர் என் பக்கம் திரும்பினார்.

"பத்துக் கதிரை வாங்கச் சொல்றாரு."

"நாங்கள் ஒன்பது பேர்தானே?"

"பத்தாவது அவருக்காம். நீங்க எந்திரிக்கிற மாதிரி தெரியலையாம்."