ஐநூற்றுக்கு மேல் ஒரு ரூபாய்

பழைய நோட்டு சேர்த்து வைக்கும் என் ஆல்பத்தின் முதல் உறை காலியாகக் கிடந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அதற்குள் இருந்தது ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட, 1935ஆம் வருஷத்து ஒரு ரூபாய்த் தாள். வெள்ளைக்காரன் காலத்து நோட்டு, ஒரு மடிப்புகூட விழாதது. புதுக்கோட்டையில் பழைய பித்தளைச் சாமான் விற்கும் ரிஃபாய் பாயிடம் நடையாய் நடந்து, ஆலங்குடி ஜெராக்ஸ் கடையில் கால் கடுக்க நின்று நான் சம்பாதித்த காசைக் கொடுத்து வாங்கியது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? தாலிகூட புருஷன் வீட்டில் போட்டதுதான்.

என் வீட்டுக்காரர் பிரவீன்குமார் அப்போதுதான் கந்தர்வக்கோட்டையில் காதுகுத்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பெரியப்பா மகள் சொர்ணம் மதினி வீட்டு விசேஷம். எனக்குக் கடையில் லீவு கிடைக்காததால் அவர் மட்டும் போயிருந்தார்.

“ஏங்க, இதுல இருந்த நோட்டு எங்க?”

“அதுவா? மொய் வச்சுட்டேன்.”

“என்னது?”

“மொட்டையா ஐநூறு வைக்க முடியுமா புவனா? ஐநூத்தி ஒண்ணாத்தானே வைக்கணும். வீடு பூரா தேடுனேன், ஒத்த ரூபா காசு கெடைக்கல. கெளம்ப வேற நேரமாச்சு. இது நோட்டாவே இருக்கே, கவருக்குள்ள போட மரியாதையா இருக்கும்னு எடுத்துக்கிட்டேன். ஒரு ரூபாதானே, நாளைக்குத் தாரேன்.”

நாளைக்குத் தருவாராம்! கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு வந்து, வட்டியில்லாமல் திருப்பித் தருகிறேன் என்கிறார்.

“ஒங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் கவர்ல போட்டு வச்சுட்டு வந்துட்டீங்களா?”

“பழைய காயிதத்துக்குப் போயி இந்தக் கத்து கத்துற” என்று முணுமுணுத்தார். அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை. காதுகுத்தில் தின்றது போதும் அவருக்கு.

மறுநாள் காலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு அவர் பைக்கிலேயே கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். சொர்ணம் மதினி வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மதினியின் முகம் சுருங்கியது. வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை.

“என்ன, மிச்சம் மீதி அசிங்கப்படுத்தணும்னு வந்தீங்களா? ‘பிரவீன்குமார் ஐநூறு ரூபாய், கூட செல்லாத ஒரு ரூபாய்’னு மைக்குல வாசிக்கிறான். பந்தல்ல இருந்த அத்தன பேரும் சிரிக்கிறாங்க. எம் மகன் விசேஷத்துக்குச் செல்லாக் காசு வைக்கிற அளவுக்கு நாங்க ஒங்களுக்கு என்ன பண்ணுனோம்?”

இந்தக் கதையைப் பற்றி என் வீட்டுக்காரர் என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. இப்போது பந்தல் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மதினி, அது இவரு தெரியாமப் பண்ணுன வேலை. அது என் நோட்டு. சேத்து வச்சிருந்தேன். இந்தாங்க ஒரு ரூபா, அதக் குடுத்துருங்க” என்று காசை நீட்டினேன்.

அவ்வளவுதான், மதினிக்கு வந்ததே கோபம்.

“வச்ச மொய்யத் திருப்பிக் கேக்க வந்தியா? எந்த ஊருலயும் நடக்காததால்ல இருக்கு! மொய்னா மொய்யாத்தான் திரும்பும். ஒன் வீட்டு விசேஷத்துக்கு இதே நோட்டத்தான் வைப்பேன், தெரிஞ்சுக்க. போ, போயி ஒரு பிள்ளையப் பெத்துக் காதுகுத்து வையி. மொத ஆளா வாரேன்.”

பந்தல் பிரித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஊரிலுள்ள காதுகுத்து, சடங்கு, வீடு குடிபோதல் அத்தனைக்கும் மொய் வைத்திருக்கிறேன். ஒற்றைக் காசு திரும்பியதில்லை. என் வீட்டில் விசேஷம் இருந்தால்தானே திரும்பும்? மதினி சொன்னதைவிட, இந்த மனுஷன் அதைக் கேட்டும் வாய் திறக்காமல் நின்றாரே, அதுதான் என்னைக் கொன்றது.

“பிள்ளை இருந்தாத்தான் மொய்யா மதினி? எங்க வடகாடு, கீரமங்கலத்துப் பக்கமெல்லாம் விசேஷமே இல்லாம, மொய் வாங்குறதுக்குன்னே மொய் விருந்து போடுறாங்கள்ல? வார ஆடியில நானும் போடுறேன். கறிச்சோறு தின்னுட்டு என் நோட்ட வச்சுட்டுப் போங்க.”

“புவனா, ஆட்டுக்கு எங்கிட்டுப் போறது?” என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு மட்டும் வாய் வந்துவிட்டது.

“ஒங்க பைக்க வில்லுங்க.”

விற்க வைத்தேன். ஆடியில் எங்கள் ஊரில் விருந்து போட்டவர்களோடு நானும் பங்கு சேர்ந்தேன். ஒரே பந்தல், ஆளுக்கொரு மொய் மேசை. பத்திரிகையில் என் பெயரை மட்டும் போடச் சொன்னேன்: புவனேஸ்வரி, ஜெராக்ஸ் கடை. வீட்டுக்காரர் பெயர் இல்லாமல் எப்படி என்று பெரியவர்கள் இழுத்தார்கள். ஆடு அவர் பெயரிலா கத்துகிறது என்று கேட்டேன். பத்திரிகை அப்படியே அச்சாகி வந்தது.

சொர்ணம் மதினி வந்தார். ரோஷக்காரி, வராமல் இருக்க மாட்டார். பட்டுச்சேலை கட்டி வந்து, விறைப்பாகவே சாப்பிட்டுவிட்டு, என் மேசையில் இரண்டு ஐநூறு ரூபாய்த் தாளை வைத்தார். அதற்கு மேல் அந்த நோட்டையும் வைத்தார். நாங்கள் வைத்த பழைய மொய்யும் அவர் கூட்டிய புது மொய்யுமாக ஆயிரத்தி ஒன்று. நோட்டை எட்டாக மடித்து வைத்திருந்திருக்கிறார். ஜார்ஜின் மூக்குக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு, ஓரத்தில் எண்ணெய்.

மொய் எழுதிய அன்புமொழி அதைப் பிரித்துப் பார்த்தாள். “அக்கா, இது செல்லாதே?” என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“எங்கிட்டச் செல்லும். மைக்குல சத்தமா வாசிக்கச் சொல்லு.”

“கந்தர்வக்கோட்டை சொர்ணம், ஆயிரத்தி ஒரு ரூபாய்!” என்று மைக் அலறியது. மதினி என்னைப் பார்க்காமல் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

நோட்டை எடுத்து விரலால் நீவினேன். மடிப்புப் போகவில்லை. அது இனிமேல் போகாது.

பிரவீன்குமார் பின்னாலேயே வந்து நின்றார். “குடு புவனா, ஆல்பத்துல பத்திரமா வச்சுர்றேன்” என்று கை நீட்டினார்.

“பந்தி முடிஞ்சிருச்சு” என்றேன். “போயி எலையை எடுங்க.”