கேட்காமல் வந்த ஓடிபி

நான் கேட்காமலே என் போனுக்கு ஓடிபி வந்தது. மாவு சலித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். எங்கள் கேக் கடையின் ஆன்லைன் பக்கத்துக்குள் நுழைவதற்கான எண் அது. எண் வருகிறதென்றால் யாரோ பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்குப் பயம் வந்துவிட்டது.

சும்மா வந்த பயமில்லை. போன வருடம் என் வீட்டுக்காரருக்கு ஒருவன் போன் செய்தான். "கம்பெனியிலேர்ந்து பேசறோம் சார், ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க" என்றான். இந்த மகராசனும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்துவிட்டார். கடைப் பக்கம் அவன் கைக்குப் போய்விட்டது. எங்களுக்கு ஆர்டர் வருவதே அந்தப் பக்கத்தில்தான். அதை மீட்டெடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அன்றைக்கே கடைப் பக்கம், வங்கி, மெயில் என்று எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும்படி இரண்டாவது பூட்டுப் போட்டேன். எல்லா எண்ணும் என் போனுக்குத்தான் வரும். நாத்தனாரின் சொந்த மெயிலைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. "உங்கண்ணன் மாதிரி நீயும் ஏமாந்த சோணகிரியா நிக்காதே" என்றேன். சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள்.

நாத்தனாரை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பாப்பாவுக்கே பள்ளிக்கூடம் போகிற ஒரு பாப்பா இருக்கிறது. கேக்குக்கு மேலே பூவும் கொடியும் போடுவது அவள் கை. மாவும் அடுப்பும் ஆர்டரும் நான். வேனில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர். பாஸ்வேர்ட் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாளும் எண் வந்தது. அதற்கு மறுநாளும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். பாப்பா குழந்தையைக் கூட்டிவரப் போகிற நேரத்தில்தான் வருகிறது! போதாக்குறைக்கு, அட்டைப்பெட்டி கொண்டுவருகிற ஆள் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்.

"எதிர்த்தாப்ல புதுசா கேக் கடை திறந்திருக்காங்களே, அந்தம்மாகிட்ட உங்க நாத்தனார் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு நின்னாங்க."

நெருப்பில்லாமல் புகையுமா? அப்போதே பாஸ்வேர்டை மாற்றினேன். வெளியாளா என்று பார்க்க, வேண்டுமென்றே பாப்பாவிடமும் வீட்டுக்காரரிடமும் மட்டும் புதியதைச் சொன்னேன். மதியம் அவள் வெளியே போனாள், எண் வந்தது. அந்த நேரத்தில் அவரும்தான் டெலிவரிக்குப் போயிருந்தார். ஆனால் அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஓடிபி என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிப்போகிற மனுஷன்.

பாப்பா திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஆர்டரையெல்லாம் எதிர்க் கடைக்கு எடுத்துக் குடுக்கலாம்னு பாக்கறியா?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்காதே. நீ வெளிய போனா எனக்கு நம்பர் வருது. நல்லவேளை பூட்டு என் கையில இருக்கு. இல்லேன்னா இந்நேரம் நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம். கூட இருந்தே குழி பறிக்கறியே, வெக்கமா இல்ல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பாப்பா ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பாதி பூப்போட்ட கேக் அப்படியே நின்றது.

அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மறுபடி மாற்றினேன். டெலிவரிக்கு ஆத்திர அவசரத்துக்கு வேண்டியிருக்கும் என்று அவரிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் எண் வந்தது.

இந்தப் பாஸ்வேர்ட் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். பின்வாசல் வழியாகப் போனேன். வேன் இன்னும் கிளம்பவில்லை. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எண் போடுகிற ஆறு கட்டங்கள், ஆறும் காலி.

"நீங்களா?"

போனைக் கவிழ்த்தார். அப்புறம், இனி மறைப்பது எதற்கு என்று நினைத்தாரோ, மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

"ஒரு அட்ரஸ் பாக்கணும். அதுக்குத்தான்."

"என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?"

"சொல்லுவ. யார் கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்க, யாராவது போன் பண்ணாங்களான்னு போலீஸ் மாதிரி குடைஞ்சு எடுத்துட்டுச் சொல்லுவ. பாஸ்வேர்ட் போடுவேன். இந்தக் கட்டம் வரும். உன்கிட்ட வந்து நிக்கணுமேன்னு மூடி வெச்சிடுவேன். ஒரு தடவை ஏமாந்தேன்டி. அதுக்காக என் கடைக்குள்ள போக தினமும் உன்கிட்ட கையேந்தணுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

"அது சரி. நேத்து உங்க தங்கச்சியை நான் திருடின்னு சொன்னேனே, அப்ப உங்க வாய் எங்க போச்சு?"

"சொல்லத்தான் நெனச்சேன். உன் முன்னாடி மறுபடியும் அசடு வழிஞ்சு நிக்க முடியல" என்றார். அவரை அறையலாம்போல இருந்தது. என்னையும்தான்.

கடையைச் சாத்திவிட்டு நேரே பாப்பா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் அதிர்ச்சியே அடையவில்லை.

"தெரியும் அண்ணி. நீங்க கத்தும்போதே அண்ணன் முகத்தைப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அண்ணன் மேல பழி போட்டுத் தப்பிக்கறேன்னு அதுக்கும் சேத்துத் திட்டியிருப்பீங்க."

ஆமாம், திட்டியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்த எதிர்க் கடைக்காரம்மா பொண்ணும் என் பொண்ணும் ஒரே கிளாஸ் அண்ணி. வீட்டுப்பாடத்தைப் பத்திதான் பேசிட்டிருந்தோம்."

"தப்புதான் பாப்பா. மனசுல வெச்சுக்காதே. நாளைக்குக் கடைக்கு வந்துடு. நீ இல்லாம அந்தக் கேக்கைத் தொடக்கூட எனக்குக் கை வரல."

அவள் தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். என் போன் சிணுங்கியது.

"உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் படிங்க அண்ணி."

யார் கேட்டாலும் எதற்கு என்று குடைகிற நான், அன்றைக்கு எதற்கு என்று கேட்கவில்லை. அவளுடைய சொந்த மெயிலுக்கான எண். ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"நாளைக்கு வருவியா?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அதற்குள் என் போனுக்கு இன்னொரு செய்தி வந்தது. அந்த மெயில் கணக்கிலிருந்து உங்கள் தொலைபேசி எண் நீக்கப்பட்டுவிட்டது என்று இருந்தது.